அவர் என்னைப் பேசவில்லை

எனக்கு எழுபத்துநாலு வயது. பெற்று வளர்த்த பிள்ளைகள் ஆறு. எழுத்து எனக்கு அவ்வளவாக வராது, நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பாட்டு வரும். எங்கள் கிறிஸ்தவ சபையில் பாடுகிற பாட்டுகளில் பாதி நான் கட்டியவை. கண்டிக்கு வந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது. இன்றைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை எட்டிப் பார்த்து, "அம்மா, உங்க வீட்டுக்காரரோட கொஞ்சம் பேசணும்" என்றால், இந்த மனுசன் என்ன பிழை விட்டார் என்று என் நெஞ்சு திடுக்கிடும். யாழ்ப்பாணத்தில் நாங்கள் கதைப்போம், பேசுவதென்றால் திட்டுவது. இங்கே பேசுவதென்றால் வெறுமனே கதைப்பதுதான். யாழ்ப்பாணத்தில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கு இது விளங்கும். இந்த ஒரு சொல்லால் போன மாதம் நான் அவருக்குச் செய்த அநியாயத்தைக் கேளுங்கோ.

அவர் கண்டிப் பக்கம் ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து ஆள். யாழ்ப்பாணத்தில் எங்கள் தெருப் பேக்கரியில் வேலை செய்தவர், என்னைக் கட்டி மலைக்குக் கூட்டி வந்தார். எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சாப்பாட்டோடு ஒரு மிடறு சாராயமும் கொடுப்பது வழக்கம். உடம்பு தேறினதும் அது நின்றுவிடும். இந்தக் குளிருக்குள், ஆறாவது பிள்ளைக்குப் பிறகு, எனக்கு நிற்கவில்லை. 'மருந்து' என்று பெயர் வைத்து, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் ஒளித்துப் பத்து வருடம் குடித்தேன். கடைசிப் பிள்ளை அதை இனிக்கிற கித்துள் பாணி என்று நினைத்து நாக்கில் வைத்த அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அவர் என்னைப் பேசவில்லை. கலைந்த சேலைகளை மடித்துத் திரும்ப அடுக்கினார்.

குடியை விட நினைப்பவர்கள் வியாழக்கிழமைகளில் டவுனில் ஓரிடத்தில் கூடுவார்கள். அவர் என்னைப் பஸ்ஸில் அங்கே கூட்டிப் போனார். உள்ளே முழுக்க ஆண்கள். நடத்தியவர் சிங்களவர். எங்கள் இருவரையும் பார்த்தார், நேரே என் மனுசனின் தோளைத் தட்டினார்.

"மாத்தையா பயம் வேணாம். நோனா ரொம்ப நல்லம், கூட்டிட்டு வந்ததுதானே."

மாத்தையா என்றது அவரை, நோனா என்றது என்னை; குடிப்பது அவர் என்று நினைத்துவிட்டார். ஒரு சொட்டும் தொட்டறியாத மனுசன் தலையைக் குனிந்து, "ஆமாங்க" என்றார். ஐந்து வியாழன் எனக்காக அவர் குடிகாரனாக இருந்தார். எப்போது தொடங்கியது என்று கேட்டார்கள். பொய் சொல்ல வராதே அவருக்கு! "ஆறாவது புள்ள பெத்த பொறகுங்க" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆறாவது வியாழன் நான் எழும்பினேன். "அவரில்லை. குடிச்சது நான்." அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடமாகத் தொடவில்லை.

இந்தக் கதை எங்கள் சபைக்குத் தெரியாமலே இருந்தது. பெருமைக்காரி நான், சொல்லவில்லை. போன மாதம் எங்கள் கல்யாண நாளுக்கு அவருக்கென்று ஒரு பாட்டுக் கட்டி, ஆராதனையில் பாடினேன்.

விழுந்து கிடந்தேன், ஒருநாளும்
விட்டுப் போகவில்லை;
அருகில் இருந்தார், ஒருநாளும்
என்னைப் பேசவில்லை.

ஒருவரும் கை தட்டவில்லை. பாடகர் குழுத் தலைவி என் கையைப் பிடித்துக் கண் கலங்கினாள். "பாவம்மா நீங்க. ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு அம்பது வருசமா பேசவே இல்லையா அந்த மனுசன்?" திரும்பிப் பார்த்தால், போதகர் என் மனுசனைத் தூண் ஓரம் நிறுத்திப் புத்தி சொல்லிக்கொண்டிருக்கிறார். இவர் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்.

வீட்டுக்கு வருகிற வழியில் கேட்டேன். "இஞ்சாருங்கோ, போதகர் என்னவாம்?"

"பொண்டாட்டியோட பேசணுமாம்."

"பாட்டில வாறது ஏச்சு, கதைக்கிற பேச்சில்லை எண்டு அவருக்குச் சொல்லியிருக்கலாமே!"

"விடு புள்ள. நமக்குப் பழக்கந்தானே."

இரண்டாம் தரமும் என் பழியை அவர் சுமப்பதா? அடுத்த ஞாயிறு எழும்பி நின்று, சொல்லையும் விளக்கினேன், சேலைக்கு அடியில் இருந்த போத்தலையும் சொன்னேன். ஆறாவது பிள்ளை பெற்ற கதை வந்ததும் போதகரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தலைவி சொன்னாள்: "அப்ப 'ஏசவில்லை'ன்னு பாடுங்கம்மா. பாட்டுல ஏசுவும் வந்துருவாரு!"

இப்போது அந்தப் பாட்டு வந்தால், ஜன்னல் பக்கம் இருக்கிற இரண்டு மூன்று யாழ்ப்பாணத்தார் 'பேசவில்லை' என்கிறார்கள், மற்றப் பக்கம் முழுக்க 'ஏசவில்லை.' நான் நடுவில் நின்று ஒருக்கால் இதைப் பாடுவேன், ஒருக்கால் அதை. அவருக்குப் பாட்டு வராது, வாயை மட்டும் அசைப்பார். எந்தச் சொல் என்று எனக்கே தெரியாது.

பிள்ளை, எழுதினது போதும். உன்ர மலைநாட்டு நாக்கால இதை ஒருக்கா வாசி, தாத்தாவுக்கும் கேக்கட்டும். அவர் பேசாத இடம் வரேக்க மட்டும் சிரிக்காதை.