இறுதி ஆட்டத்தன்று வந்த கட்டிங் ஆர்டர்

கல்லூரியில் எனக்குக் கடைசி வருடம். கால்பந்தில் எங்கள் கள்ளக்குறிச்சி கல்லூரி அணியும் திருக்கோவிலூர் கல்லூரி அணியும் இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தோம்; ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை. கோல்கீப்பர் நான். லீக் ஆட்டத்தில் அவர்களுடைய ஃபார்வர்டு ஒருவனே எனக்கு நாலு கோல் போட்டிருந்தான். அதில் ஒன்று என் காலுக்கு நடுவில் போனது. அதை எந்தப் புண்ணியவானோ செல்போனில் எடுத்துச் சுற்றவிட, கேன்டீன்காரர்கூட என்னைப் பார்த்தால் காலை அகட்டி நின்று காட்டினார். கோப்பையை வாங்காமல் போனால் காலத்துக்கும் அந்த வீடியோதான் நான்.

அந்த ஃபார்வர்டு வடக்கனந்தல்காரன் வேறு. பக்கத்தில் எங்கள் கல்லூரி இருக்க, திருக்கோவிலூர் போய்ச் சேர்ந்த துரோகி! அவன் வீட்டுக் கரும்பு வெட்டுக்குத் தயார், சர்க்கரை ஆலையிலிருந்து கட்டிங் ஆர்டர் வருவதுதான் பாக்கி என்று கேள்விப்பட்டேன். ஆர்டர் போட்ட நாளில் வெட்டி லாரியில் ஏற்றியாக வேண்டும். வீட்டில் ஒருத்தர் அசைய முடியாது. அந்தப் பக்கத்துக்கு ஆர்டர் போடும் ஆலை ஃபீல்டுமேன் யார்? என் தாய்மாமன்!

"மாமா, அந்த வூட்டுக்கு ஞாயித்துக்கெழம ஆர்டர் குடுங்க மாமா."

"அவங்க மேல உனக்கு இன்னாடா அவ்ளோ பாசம்?"

"கரும்பு காஞ்சிகினு கீது மாமா. பாக்கவே பாவமா இருக்குது."

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். எப்படியும் அந்த வாரம் அவர்கள் முறைதான், செவ்வாய்க்கு இருந்ததை முன்னால் இழுத்து ஞாயிறாக்கிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவன் மைதானத்துக்கு வரவில்லை. சீட்டி அடித்துக்கொண்டே கையுறையை மாட்டினேன். அப்போதுதான் கவனித்தேன், எனக்கு முன்னால் பேக் நின்று பந்தைத் தடுக்கும் அண்ணன் தம்பி இரண்டு பேரையும் காணோம். போன் போட்டேன்.

"வடக்கனந்தல்ல வெட்டுல கீறோம்டா," என்றான் அண்ணன். "திடீர்னு ஆர்டர் வந்துட்ச்சாம். ஆள் பத்தலன்னு அப்பா எங்க ரெண்டு பேரையும் இஸ்துகினு வந்துட்டாரு."

அவர்கள் குடும்பமே கரும்பு வெட்டும் கூலி என்பது எனக்குத் தெரியாதா என்ன? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவர்களுக்குப் பதிலாக இறங்கிய இரண்டு பேரும் பந்து வந்தால் மரியாதையாக வழிவிட்டார்கள். ஆறு கோல் வாங்கினேன்.

மறுநாள் கேன்டீனில் அண்ணன் எதிரே உட்கார்ந்தான். கை முழுக்கக் கரும்புச் சோகை கிழித்த கோடுகள்.

"அந்த ஃபார்வர்டு பையனும் நாங்களும் வரப்புல குந்திகினு போன்ல ஸ்கோர் பாத்துகினு இருந்தோம்டா. எனக்கு இதான் கடைசி மேட்சு, தெரியுமில்ல? எவனோ ஆர்டர மாத்தி வுட்டுருக்கான். கெடச்சான், கால ஒடைக்காம வுடமாட்டேன்."

"வுடாதடா. நானும் வரேன்," என்றேன்.

அவன் தன் பரோட்டாவில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தான். தான் இல்லாமல் நான் ஆறு கோல் வாங்கியதற்கு அவன் மன்னிப்புக் கேட்கிறானாம்.