துண்டு போட்ட இடம்

வேடியப்பன் படியிறங்கினால் போதும், ராஜாங்கம் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து, பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் போட்டுவிடுவார், பஸ்ஸில் இடம் பிடிக்கிற மாதிரி. சர்க்கரை ஆலையில் பாகு காய்ச்சும் மேல்தளம் அது. கொப்பரையின் வட்டக் கண்ணாடியை விட்டு ராஜாங்கத்தின் கண் நகராது. அவர் கையசைத்தால் கீழே ஓடி நீராவியைக் கூட்டுவதும் குறைப்பதும் கரியாலூர் மலையிலிருந்து வந்த வேடியப்பன்.

“ஊரே ரோட்டுல மரத்த வெட்டிப் போட்டு எடஒதுக்கீடு கேக்குது. நம்மாளு துண்டப் போட்டே எடம் வாங்கிடுவாரு” என்பார்கள் ஷிப்டு ஆட்கள்.

ராஜாங்கத்துக்கு வாயில் ஒரே வார்த்தை. காய்ச்சலில் படுத்திருக்கட்டும், மகளுக்குச் சம்பந்தம் பேசிவிட்டு வரட்டும், என்ன செய்கிறாய் என்றால் “சும்மாதாங்க கீறேன்.” அதுவே வினையாயிற்று. எந்த வேலைக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று அளக்க மெட்ராஸிலிருந்து வந்த சிவசங்கர் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். மேல்தளத்துக்கு ஒரு ஆள் போதும் என்று ஆலை முழுக்கப் பேச்சாகிவிட்டது. போனால் போவது வேடியப்பனின் வேலை.

ராஜாங்கத்தின் மனைவி அமிர்தம், வாய்த்துடுக்கில் தன் அம்மா சாலம்மாளை அப்படியே உரித்து வைத்தவள், சோறு போட்டுக்கொண்டே பிடித்துக்கொண்டாள். “சும்மா சும்மான்னு சொல்லிக்கினு, அந்த மலைக்காரப் புள்ள வாயில மண்ணப் போட்டுட்டியே. பாத்துக்கினு கீறேன்னு சொல்ல நாக்கு வரலியா?”

மறுநாள் மறியல். சங்கராபுரம் ரோட்டில் புளியமரம் சாய்ந்து கிடந்தது. சிவசங்கர் ஏற வேண்டிய பஸ்ஸும் வரவில்லை, அடுத்த ஷிப்டும் வரவில்லை. கொதிக்கிற பாகை விட்டுவிட்டு எங்கே போவது? இவர்களே தொடர்ந்தார்கள். போக்கிடமில்லாத சிவசங்கர் மேலே ஏறி வந்தார். பெஞ்சில் கிடந்த துண்டை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். ராஜாங்கத்துக்குச் சுருக்கென்றது. கீழேயிருந்து வந்த வேடியப்பன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இப்ப என்ன பண்றீங்க?” என்றார் சிவசங்கர், பொழுது போகாமல்.

“சும்...” ராஜாங்கம் நாக்கைக் கடித்துக்கொண்டார். “பாத்துக்கினு கீறேங்க. நான் அந்தாண்ட திரும்புனா கட்டியாப் பூடும். அவன் எறங்கலன்னா பொங்கிப் பூடும்.”

சிவசங்கர் குனிந்து கண்ணாடியில் கண் வைத்தார். உள்ளே பாகு குமிழியிட்டு மேலேறிக்கொண்டிருந்தது. ராஜாங்கத்தின் கை உயர்ந்தது. வேடியப்பன் தடதடவென்று இறங்கினான். பாகு மெல்லத் தணிகிற வரைக்கும் சிவசங்கர் நிமிரவில்லை.

ராஜாங்கம் பழக்கதோஷத்தில் தோளைத் தடவினார். துண்டு பெஞ்சின் அந்தக் கோடியில், கைக்கு எட்டாமல் கிடந்தது. சிவசங்கர் அதை எடுத்து உதறினார். தான் உட்கார்ந்திருந்த இடத்தில் விரித்துப் போட்டுவிட்டு, கம்பியோரம் போய் நின்றுகொண்டார்.