வலிக்கு முன் ஒரு மாத்திரை

அண்ணியின் தலையணை உறைக்குள் ஏழு வெள்ளை மாத்திரைகள் இருந்தன. எண்ணித்தான் சொல்கிறேன், எதையும் எண்ணாமல் விட்டால் எனக்கு மனம் ஆறாது. எண்பதுகளின் தொடக்கம் அது. மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர், சரிவில் விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். கொழும்பில் இடுப்பு மூட்டு மாற்றும் ஆபரேஷன் செய்து பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள். அண்ணன் அப்போது உயிரோடு இல்லை. பதுளையில் ஆசிரியராக இருந்த நான்தான் பள்ளி விட்டதும் போய்ப் பார்ப்பேன்.

மாத்திரை போட்டு, வலி அடங்கியதும் எழுந்து நடக்க வேண்டும்; நடக்காவிட்டால் கால் விறைத்துப்போகும், பிறகு கட்டிலோடுதான் காலம் என்று தாதி எச்சரித்திருந்தார். அண்ணியோ காலைத் தரையில் ஊன்றியதுமே முகம் வெளிறி உட்கார்ந்துவிடுவார். மாத்திரைக்கு வலி அடங்கவில்லை என்றே எல்லோரும் நினைத்தோம். ஒருநாள் தலையணையைத் தட்டிப் போட்டபோதுதான் அத்தனையும் உதிர்ந்தன.

நான் கோபப்பட்டேன். அவர் வாசலைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர் வர்ற நேரம் வலி தெரியணும் தம்பி. மொகம் தெளிஞ்சிருந்தா, சொகமாயிருச்சுன்னு எழுதி நாளைக்கே பெரட்டுக்கு அனுப்பிருவாங்க."

பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம். காய்ச்சலோ வயிற்றுவலியோ, தோட்டத்து மருந்துக்காரர் முன் துடித்துக் காட்டினால்தான் லீவு; கொஞ்சம் தெளிந்து நின்றாலும் மலைக்குப் போக வேண்டும். சிறு வயதிலிருந்து பழகிய அந்த ஜாக்கிரதையை அண்ணி ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கும் கொண்டுவந்திருந்தார்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கட்டிலருகே வந்து சிங்களத்தில் பேசி, தமிழில் சொல்லும்படி என்னைப் பார்த்தார். இனி மலையேறும் வேலையே கூடாது, அதை இன்றே எழுதித் தருகிறேன்; நடக்கச் சொல்வது அவருடைய நடமாட்டத்துக்காக மட்டும்தான் என்றார்.

கூடைக் கயிறு அழுத்திக் காய்த்துப்போன நெற்றியை அண்ணி கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார்.

"அப்ப இத்தன நாளும் சும்மாவா பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன்?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டார், அண்ணியும் சிரித்தார். பிறகு மாத்திரை விழுங்கத் தண்ணீர் கேட்டார். அன்று ஜன்னல்வரை போனார். அடுத்த சித்திரையில் தோட்டத்து லயத்தில், தன் வீட்டு வாசலில் குச்சியை ஊன்றி நின்று என்னை வரவேற்றார்.

நாற்பது வருடம் கழித்து, இப்போது மாற்றியிருப்பது என் இடுப்பு மூட்டை. இந்த மாத்திரையை இப்போதே விழுங்கிவிட்டால், வலி பெரிதாக வரும்போது என்ன செய்வது என்ற கவலையில் கைக்குள் வைத்துக்கொண்டே இருக்கிறேன். மகள் தண்ணீருடன் நிற்கிறாள்.

"பெரியம்மா மாதிரி தலகாணிக்குள்ள வச்சிராதீங்கப்பா. இங்க பெரட்டு இல்ல."

விழுங்கினேன். ஜன்னல் எத்தனை அடி இருக்கும் என்று மனம் எண்ணத் தொடங்கியது.