தராசக்காவின் இருபது கிலோ

அவளுக்குத் தராசக்கா என்று பெயர் வைத்தது யார் என்பது அந்தச் சலவைச்சாலையில் யாருக்கும் நினைவில்லை. ஏன் வைத்தார்கள் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். மூட்டையைக் கையில் வாங்கி ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டு, "பதினேழரை" என்பாள். எடை மேடையில் போட்டால் பதினேழரை இருக்கும். நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுத்தன. இருபத்தாறு வருஷம் ஈரத்துணியோடு மல்லுக்கட்டியதில் அவள் மணிக்கட்டு தடித்துப்போய், கைக்கடிகாரப் பட்டையின் கடைசி ஓட்டையும் போதாமல் ஆணியால் புதிதாக ஒன்று போட்டிருந்தாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு நடக்கும்போது புது மேலாளர் வந்து சேர்ந்தார். அலுவலகத்து நாற்காலியிலேயே தலை நரைத்த மனுஷன். ஈரத்துணியைத் தொட்டால் சட்டை நனையுமே என்று எட்டியே நிற்பார். வந்த மாதமே அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். இயந்திரப் பிரிவில் இருக்கும் ஐம்பது தாண்டிய பெண்கள், இருபது கிலோ ஈர மூட்டையைத் தரையிலிருந்து தள்ளுவண்டி உயரத்துக்குப் பத்து தடவை நிற்காமல் தூக்கிக் காட்ட வேண்டும். முடியாதவர்களுக்கு மடிப்பு அறை. மடிப்பு அறையில் அரை நாள்தான் வேலை, அரை நாள்தான் கூலி. ஆண்களுக்கு இந்தச் சோதனை கிடையாதாம். ஏன் சார் என்று கேட்டதற்கு, "அவங்க ஆம்பளைங்கதானே" என்றாராம். அடேயப்பா, என்ன ஒரு கண்டுபிடிப்பு!

முதல் தொகுதியில் நாலு பேரைக் கூப்பிட்டார்கள். அதில் ஒருத்தி தராசக்காவின் கூடப்பிறந்த தங்கச்சி, அக்காவைவிட ஒரு வயதுதான் இளையவள். மேலாளர் அறையின் பக்கத்துச் சரக்கறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொருத்தராகச் சோதனை. தங்கச்சி ஆறு தடவை தூக்கினாள். ஏழாவதில் மூட்டை கையை விட்டு நழுவிவிட்டது. மற்ற மூன்று பேரும் அதைவிட மோசம். நாலு பேரையும் அன்றைக்கே மடிப்பு அறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அன்று வீடு திரும்பும் வழியில் தங்கச்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அது என்னமோ ரொம்பக் கனமா இருந்துச்சுக்கா. நாம தினம் தூக்குற மாதிரியே இல்ல."

"பயத்துல அப்படித்தான்டி தோணும்" என்றாள் தராசக்கா. "கை நடுங்கினா பஞ்சுகூடப் பாறையாத்தான் இருக்கும்."

தங்கச்சி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவுக்குப் பின்னால் நடந்தாள்.

தராசக்காவின் முறை ஐந்து மாதம் கழித்து. அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்தாறு வருஷம் தூக்கிய மூட்டையைத் தூக்க முடியுமா என்று இவர் கேட்பதா? மறுநாளே, வேலை முடிந்த கையோடு, பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் மாடியில் இருந்த உடற்பயிற்சிக்கூடத்தின் படி ஏறினாள். கண்ணாடி முன்னால் புஜத்தை முறுக்கிக்கொண்டிருந்த ரெண்டு பேர் வாயைப் பிளந்து பார்த்தார்கள். "என்ன பார்க்கிறீங்க? சந்தா கட்டித்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, செருப்பை ஓரமாக விட்டாள்.

கூடத்தின் பயிற்சியாளரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். கெட்டவன் என்று சொல்ல முடியாது. முதுகை வளைக்காமல் தொடையால் எப்படித் தூக்குவது, மூச்சை எங்கே பிடிப்பது, எங்கே விடுவது என்பதையெல்லாம் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தான். ஆனால் அவன் மேஜைக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரி இருந்தது. அதில் வாளி வாளியாக டப்பாக்கள், ஒவ்வொன்றின் மேலும் கழுத்தே இல்லாத ஒரு ஆளின் படம். இரண்டாவது வாரமே மாஸ்டர் அலமாரியைத் திறந்துவிட்டான்.

"அக்கா, சும்மா இரும்பைத் தூக்கினா மட்டும் பத்தாது. உங்க வயசுக்குச் சத்து வெளியிலேருந்து போகணும். இது புரோட்டீன். இது கிரியேட்டின், தசைக்குப் பலம். இது பயிற்சிக்கு முன்னாடி குடிக்கிற பவுடர், குடிச்சா சும்மா குதிரை மாதிரி இருக்கும். இந்த மாத்திரை கொழுப்பைக் கரைக்கும். நாலும் சேர்ந்தாத்தான் செட்டு."

"இந்தப் படத்துல இருக்கிற ஆள் இதைச் சாப்பிட்டுத்தான் இப்படி ஆனானா?"

"ஆமாக்கா."

"கழுத்து எங்க போச்சு?"

மாஸ்டர் அசடு வழியச் சிரித்தான். இவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நாலையும் வாங்கி வந்ததுதான் கூத்து. ஊரில் எவன் வந்து எந்தச் சோப்புத்தூளை விற்றாலும் காதில் பூ சுற்றிக்கொள்ளாத தராசக்கா, இந்த விஷயத்தில் மட்டும் பயத்தில் புத்தியை அடகு வைத்தாள்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது நாலையும் ஒன்றாக உள்ளே தள்ளினாள். கூடவே வழக்கமான இரத்தக்கொதிப்பு மாத்திரை. பிழியும் இயந்திரத்தின் முன்னால் நிற்கும்போது காதுக்குள் பறை அடித்தது போல ஆரம்பித்தது. விரல் நுனியெல்லாம் குறுகுறுத்தது. நெஞ்சு வெளியே வந்து விழுந்துவிடுமோ என்று தோன்றியது. தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மேலாளர் எங்கிருந்து பார்த்தாரோ, வந்து நின்றார். "இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா இதெல்லாம்? சோதனை வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? இப்பவே மடிப்புக்குப் போயிடுங்க. கௌரவமா இருக்கும்."

"கௌரவத்தை நான் பார்த்துக்கறேன் சார்" என்றாள், உட்கார்ந்த இடத்திலிருந்தே. "தேதி குறிச்சிருக்கீங்கல்ல? அன்னிக்கு வாங்க."

வேலை முடிந்ததும் நாலு டப்பாவையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு தெருமுனை மருந்துக்கடைக்குப் போனாள். கடைக்கார அம்மாவிடம்தான் எட்டு வருஷமாக மாத்திரை வாங்குகிறாள். அந்த அம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, டப்பாவின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வரி விடாமல் படித்தார். படித்து முடித்தபோது முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இந்தப் பவுடர்ல இருக்கிறது காபியில இருக்கிற அதே சரக்குதான். ஒரு கரண்டியில மூணு காபி. கொழுப்பு மாத்திரையிலயும் அதேதான், அதுல ரெண்டு காபி. பிரஷர் இருக்கிற பொம்பளை அஞ்சு காபியை ஒரே மடக்குல குடிச்சிட்டு மூட்டை தூக்கப் போயிருக்கீங்க. உயிரோட வந்து நிக்கறீங்களே, அதைச் சொல்லணும்!"

"மத்த ரெண்டு?"

"அது ரெண்டும் அவ்வளவு மோசமில்ல. ஆனா உங்களுக்கு ஒத்துக்குமான்னு டாக்டரைத்தான் கேக்கணும். இரத்தம் குடுத்துப் பார்த்துட்டு ஆரம்பிங்க. அதுசரி, நாலையும் ஒரே நாள்ல ஆரம்பிக்கச் சொன்னது யாரு?"

அந்தக் கேள்விதான் அவளைச் சுட்டது. ஏனென்றால் அதை முதலில் கேட்டிருக்க வேண்டியவள் அவள்தான். சலவைச்சாலைக்குப் புதுச் சோப்புத்தூள் விற்க எவனாவது வந்தால், தராசக்கா கறைபட்ட ஒரு விரிப்பை எடுத்து நடுவில் சரக்கென்று கிழிப்பாள். ஒரு பாதிக்குப் பழைய தூள், இன்னொரு பாதிக்குப் புதுத் தூள். அதே தண்ணீர், அதே சூடு, அதே நேரம். காய்ந்ததும் ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பாள். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்றவேண்டும், ரெண்டை மாற்றினால் எது வெளுத்தது என்று தெரியாது. இதைச் சொல்லிச் சொல்லியே எத்தனை வியாபாரிகளை ஓட ஓட விரட்டியிருக்கிறாள்! தன் உடம்பு என்று வந்ததும் மறந்துவிட்டது. "விரிப்புக்குக் குடுத்த மரியாதையை உனக்குக் குடுக்கலையேடி" என்று தன்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

அன்றிலிருந்து அவள் தன்னையே ஒரு விரிப்பாக வைத்துக்கொண்டாள். கிழிக்க முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். குதிரைப் பவுடரும் கொழுப்பு மாத்திரையும் குப்பைக்குப் போயின. முதல் மூன்று வாரம் எந்த டப்பாவும் இல்லை. முட்டை, பால், பருப்பு, நேரத்துக்குத் தூக்கம். எத்தனை கிலோவை எத்தனை தடவை தூக்கினாள் என்பது மட்டும் ஒரு நோட்டில் ஏறியது. இரத்தத்தில் வைட்டமின் டி ரொம்பக் குறைவு என்று டாக்டர் சொல்லி, அதற்கு மட்டும் மாத்திரை எழுதிக்கொடுத்தார். பகல் முழுக்கச் சலவைச்சாலைக் கூரைக்குள் நிற்கிறவளுக்கு வெயில் எங்கே கிடைக்கும்?

அடுத்த மூன்று வாரம் புரோட்டீன் பவுடர். டப்பாவுக்குள் இருந்த கரண்டியை அவள் சும்மா விடவில்லை. கரண்டிக்கு முப்பது கிராம் என்று லேபிளில் போட்டிருந்தது. மாஸ்டர் காட்டியபடி குவித்து எடுத்து, மருந்துக்கடைத் தராசில் வைத்துப் பார்த்தாள். நாற்பத்தி நாலு. "ஒரு மாசத்து டப்பா இருபது நாள்ல தீர்றது இப்படித்தானா!" என்று கடைக்கார அம்மாவும் அவளும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். வீட்டில் சமைத்துச் சாப்பிட்ட நாட்களில் பவுடர் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நோட்டில் ஒரு மாற்றமும் இல்லை. அதிகாலை முறை வந்து அடுப்பு மூட்ட நேரமில்லாத நாட்களில்தான் அது கைகொடுத்தது. அந்த நாட்களுக்கு மட்டும் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம், டாக்டர் சரி என்றதும், கிரியேட்டின். தினம் ஒரு சின்னக் கரண்டி, குவிக்காமல் மட்டமாகத் தட்டி, தண்ணீர் நிறைய. நாலைந்து வாரத்தில் ஆறு தடவை தூக்கிய எடை எட்டு தடவை ஏறியது. இருந்துவிட்டுப் போகட்டும் என்று அதையும் விட்டுவைத்தாள்.

மாஸ்டர் விடவில்லை. "அக்கா, புதுசா ஒண்ணு வந்திருக்கு..."

"நீ சொல்லிக்கொடுத்த மூச்சுக்கு ஈடா உன் அலமாரியில ஒண்ணுமில்ல தம்பி. அதைப் பூட்டி வை."

வீட்டுக்காரர் பேருந்து ஓட்டுகிறவர். காலியான தண்ணீர் டிரம்மை விட்டுவிட்டு நிறைந்த டிரம்மை அவள் நகர்த்துவதைப் பார்த்து, "இனிமே உன்கிட்ட வாய் குடுக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை யோசிக்கணும் போல" என்றார். "ரெண்டு பத்தாது, மூணு தடவை யோசிங்க" என்றாள். தங்கச்சி மட்டும் இந்தச் சிரிப்பிலெல்லாம் சேரவில்லை. மத்தியானமே வீட்டுக்கு வந்து, வெறும் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

சோதனை நாள் வந்தது. சரக்கறையில் மேலாளரும் அவருடைய நோட்டும் மட்டும். தரையில் ஈர மூட்டை. கழுத்தில் கட்டிய நீலச் சீட்டில் இருபது என்று எழுதியிருந்தது.

தராசக்கா காலை அகட்டி நின்றாள், மூச்சைப் பிடித்தாள், தூக்கினாள். மூட்டை தரையை விட்டு எழும்பிய அந்த நொடியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருபதா இது? யாருக்குக் காது குத்துகிறார்கள்?

வாய் வரைக்கும் வந்ததை விழுங்கினாள். இப்போது கீழே வைத்தால் தோல்வி. கனமாக இருக்கிறது என்று சொன்னால், கிழவி சாக்குச் சொல்கிறாள் என்பார். தங்கச்சி சொன்னபோது, கூடப்பிறந்த தானே நம்பவில்லையே. அந்த நினைப்பு வந்ததும் அடிவயிற்றிலிருந்து ஒரு கோபம் கிளம்பியது பாருங்கள், எந்த டப்பாவிலும் அடைத்து விற்க முடியாத கோபம்.

இரண்டு. மூன்று. நாலு. ஆறாவதில் கண் இருட்டியது. ஏழாவதில், தங்கச்சியின் கை நழுவிய இடத்தில், பல்லைக் கடித்தாள். ஒன்பதாவதில் தொடை வெடவெடத்தது. பத்தாவதைத் தள்ளுவண்டி உயரத்துக்குக் கொண்டுவந்து, அங்கேயே பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பத்து. போதும்மா, வைங்க" என்றார் மேலாளர், ஏமாந்த குரலில்.

அவள் வைக்கவில்லை. மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு, முழங்காலால் கதவைத் தள்ளி, இயந்திரப் பிரிவின் நடுவில் இருந்த எடை மேடைக்கு நடந்தாள். மேலாளர் பின்னாலேயே ஓடிவந்தார். இயந்திரக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"இருபத்தொன்பதரை" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு மூட்டையைப் போட்டாள்.

முள் ஆடி நின்றது. இருபத்தொன்பதரை.

"அது எப்படி? சீட்டுல இருபதுன்னு..." மேலாளர் திணறினார். "கிடங்குல ஒவ்வொரு தடவையும் சரியா இருபது கிலோ எடை போட்டுத்தானே நனைக்கக் குடுத்தேன்?"

"நீலச் சீட்டு காய்ஞ்ச துணிக்கு சார். கிடங்குல கட்டுறது. தண்ணிக்கும் எடை உண்டுன்னு இங்க தரை கூட்டுறவங்களுக்குக்கூடத் தெரியும். உங்க தாள்ல நீங்களே எழுதியிருக்கீங்க, இருபது கிலோ ஈர மூட்டைன்னு. நாலு பொம்பளைங்களை இதே மாதிரி மூட்டையை வெச்சுத்தானே மடிப்புக்கு அனுப்பினீங்க?"

யாரோ ஒருவர் இயந்திரத்தை நிறுத்தினார். மற்றவர்களும் எடை மேடையைச் சுற்றி வந்து நின்றார்கள்.

"சோதனையைத் திரும்ப... வச்சுடலாம்" என்றார் மேலாளர்.

"வைங்க. நாளைக்குக் காலையில. மூட்டையை எல்லார் முன்னாடியும் இந்த மேடையில நிறுத்துவோம். ஆம்பளைங்களும் தூக்கட்டும். அதுவரைக்கும் நாலு பேரும் அவங்கவங்க இடத்துல நிப்பாங்க."

பதிலுக்குக் காத்திருக்காமல் மடிப்பு அறைக்கு நடந்தாள். தங்கச்சி தலையணை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவின் நனைந்த சட்டையைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. "முடியலையாக்கா?"

"முடிஞ்சுது. அந்த மூட்டை இருபது இல்லடி. நீ அன்னிக்கே சொன்ன, நான்தான் நம்பல. என்னை மன்னிச்சுடு."

"எத்தனை இருந்துச்சு?"

"இருபத்தொன்பதரை."

தங்கச்சி கையிலிருந்த உறையை மெதுவாகக் கீழே வைத்தாள். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அதையா நான் ஆறு தடவை தூக்கினேன்?" என்றாள்.

"ஆமாடி. ஒரு டப்பாவும் இல்லாம."

தங்கச்சி மடிப்பு அறையின் மேலங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அக்காவுக்கு முன்னால் நடந்தாள்.