அபாகஸ் வகுப்பு நேரத்தில்

"உங்க பொண்ணு ஒரு மாசமா வரலையே சார்" என்று அபாகஸ் ஆசிரியை போனில் சொன்னபோது நான் துறைமுகத்தில் வேலையில் இருந்தேன். எட்டு வயது மகள் தினமும் செல்வியின் ஆட்டோவில்தான் வகுப்புக்குப் போவாள். செல்வி போனை எடுக்கவில்லை. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே பைக்கை விரட்டி, வழியில் நின்ற ஒவ்வொரு ஆட்டோவுக்குள்ளும் எட்டிப் பார்த்தேன்.

உப்பளத்து ஓரம் அந்த ஆட்டோ நின்றிருந்தது.

"சத்தம் போடாதீய அண்ணாச்சி, பிள்ள தூங்குது" என்றாள் செல்வி. "அடுத்து செஸ்ஸு, இந்தி, கீபோர்டு. அவ எப்பதான் தூங்குவா?"

கத்த வாயெடுத்தவன் அடங்கினேன். அந்த மாதம்தான் மகள் கணக்கில் முதல்முறையாக நூறு வாங்கியிருந்தாள். அபாகஸ்தான் காரணம் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லியிருந்தேன்.

அவள் தானாக எழும்வரை காத்திருந்தேன். கண் திறந்து என்னைப் பார்த்ததும் அவள் கை அவசரமாக அபாகஸைத் தேடியது. பிள்ளை என்னைக் கண்டு பயப்படுகிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.