உயிரோடிருந்தவனுக்குக் கண்ணீர் அஞ்சலி

கேதீஸ்வரன் கடந்த மாசி மாதம் காலமானார். பெரியநீலாவணையில் படகு எஞ்சின் திருத்துகிறவர். சிறுநீரகம் இரண்டும் பழுது. திருத்த முடியாது என்று அவர் ஒப்புக்கொண்ட ஒரே பழுது அதுதான்.

மற்ற மெக்கானிக்மார் கைவிட்ட எஞ்சின்கள் கடைசியில் அவருடைய கொட்டிலுக்கு வந்து சேரும். "இது இனிச் சரிவராதாம் அண்ணே" என்று கொண்டுவந்தவன் தலையைச் சொறிவான். "கழட்டிப் பாப்பம்" என்பார். அதற்கு மேல் பேச்சில்லை. எஞ்சின் இருமிப் புகை கக்கும் வரை அந்த இடத்தை விட்டு எழும்ப மாட்டார். சுனாமியில் மனைவி போனபின் ஒரே மகள் சுஜித்தாவை வளர்த்ததும் அப்படித்தான். தன்னால் முடியுமா என்று அவர் யாரிடமும் கேட்கவில்லை. அவள் பொறியியல் படித்துக் கொழும்பில் வேலைக்குப் போனாள். அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு நாள் மெஷினில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும் என்று ஆனதும் மடிக்கணினியோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிட்டாள்.

அவருக்கு ஸ்மார்ட் போன் வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். மெஷினில் கிடக்கும் நேரம் போக வேண்டுமே என்று கொடுத்தாள். அவர் படம் பார்க்கவில்லை, பாட்டுக் கேட்கவில்லை. தன்னோடு ஐந்தாம் ஆண்டு படித்தவர்களைத் தேடத் தொடங்கினார்.

கல்முனையில் அவர் படித்த வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒரே மர வாங்கில் நெருக்கியடித்து இருந்தவர்கள். பிறகு யுத்தம் வந்தது, இரு சமூகத்துக்கும் இடையில் பிரச்சினைக் காலம் வந்தது. ஒரே றோட்டில் இங்கால் உள்ளவன் அங்கால் போக இரண்டு முறை யோசித்தான். யோசித்து யோசித்தே வருடங்கள் போயின. ஒரு நாள் கல்முனைக்குடிப் புடவை வியாபாரி ஒருவர் ஜெனரேட்டர் ஒன்றை வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தார். மெக்கானிக்கைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "டேய், நீ கேதீஸ் தானே? என்ட கலர்ப் பென்சிலக் கடிச்சுத் துப்பின ஆள்" என்றார். அது றஸாக். இருவர் நால்வரானார்கள், நால்வர் ஒரு வட்ஸ்அப் குழுவானார்கள்.

குழுவில் யாரும் எழுதுவதில்லை. எல்லாம் குரல் பதிவுதான். காலையில் முதல் குரல் கேதீஸ்வரனுடையது. யாருடைய மகளுக்குப் பிள்ளை கிடைத்தது, யாருடைய வயலில் வெள்ளம் நிற்கிறது, யார் ஆஸ்பத்திரியில் எத்தனையாம் வார்டில் கிடக்கிறார் என்று வானொலிச் செய்தி வாசிப்பவரைப் போலச் சொல்லி முடிப்பார். சொறிக்கல்முனை இராசாத்தி, சின்ன வயதில் பாண்டிருப்பில் மாமி வீட்டில் நின்று படித்தவள், "செய்தி முடிஞ்சுதா? இனி விளம்பரம் போடு" என்று பதில் அனுப்புவாள்.

அந்த வகுப்பில் ஸிராஜ் என்று ஒருவர் இருந்தார். அவர் மௌத்தான சேதி தமிழ் நண்பர்களுக்கு வரும்போது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. முஸ்லிம்கள் ஜனாஸாவை வீட்டில் நெடுநேரம் வைத்திருப்பதில்லை. காலையில் மௌத்தென்றால் பின்னேரமே மையவாடியில் அடக்கம். கேதீஸ்வரனும் மற்றவர்களும் போய் நின்றது கதிரைகள் அடுக்கி ஏற்றப்பட்ட வெறும் முற்றத்தில். அன்றைக்கே அவர் குழுவில் சொன்னார்: "இனி நம்மட ஆரும் போனா, சேதி பிந்தப்படாது. றஸாக், உன்ட வீடு பள்ளிவாசலுக்குப் பக்கத்தில. பள்ளியில அறிவிச்ச உடனே நீ சொல்லணும். விசாரிச்சுப் போட்டுச் சொல்லுவம் எண்டு நிக்காத."

வகுப்பில் எல்லாரும் கிடைத்துவிட்டார்கள், ஒருவனைத் தவிர. ஷரிபுதீன். கேதீஸ்வரனுக்கு அடுத்து இருந்தவன். தொண்ணூறில் அவனுடைய குடும்பம் சாமான்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனது. எங்கே போனார்கள் என்று சொல்ல ஆளில்லை. றோட்டுப் பூட்டியிருந்தபடியால் வழியனுப்பக்கூட யாரும் போகவில்லை.

"ஒருத்தன் தானேப்பா" என்றாள் சுஜித்தா. "மற்ற எல்லாரும் கிடைச்சிட்டாங்க."

"ஒரு நட்டு இல்லாம எஞ்சினப் பூட்டிக் கடலுக்கு அனுப்புவியா மகள்?" என்றார். பிறகு குரலைத் தணித்து, "இந்த மெஷின் எத்தினை காலத்துக்கு என்னை இழுக்கும் எண்டு டொக்டருக்கே தெரியா. அதுக்குள்ள அவனக் கண்டிரணும்" என்றார்.

டொக்டர் அந்தக் காலக்கணக்கைச் சுஜித்தாவிடம் சொல்லியிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை, கையில் ஊசியோடு மெஷினில் கிடக்கும்போது றஸாக்கின் குரல் வந்தது. பள்ளியில் மௌத் அறிவித்திருக்கிறார்கள், ஷரிபுதீனாம். பஸ் ஹோர்னில் அறிவிப்பின் மிச்சம் தனக்கு விளங்கவில்லை, பத்து மணிக்கே அடக்கமாம். விசாரித்துக்கொண்டு நிற்கக் கூடாது என்பது சட்டம். றஸாக் சட்டப்படி நடந்தார்.

மெஷினை இடையில் நிறுத்த முடியாது. கேதீஸ்வரன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஊசி கழற்றும் நேரம் அடக்கம் முடிந்திருந்தது. ஊரில்தான் இருந்திருக்கிறான், தனக்குத்தான் தெரியாமல் போயிருக்கிறது என்று எண்ணினார். வீட்டுக்குப் போகும் வழியிலேயே நல்லரெத்தினத்துக்குப் போன் எடுத்தார். அவரும் அதே வகுப்பு. சந்தியில் அச்சுக்கடை வைத்திருப்பவர்.

"பெனர் ஒண்டு அடி. கண்ணீர் அஞ்சலி. பெரிசா."

"போட்டோ?"

போட்டோ இல்லை. கடற்கரையோரத்து வீடுகளில் பழைய படமென்று எதுவும் கிடையாது. எல்லாவற்றையும் சுனாமி கொண்டுபோய்விட்டது. ஐந்தாம் ஆண்டு வகுப்புப் படம் ஒரே ஒரு வீட்டில்தான் தப்பியிருந்தது. சொறிக்கல்முனைக்குக் கடல் வரவில்லை. இராசாத்தி அழுதபடியே சுவரில் இருந்த படத்தைப் போனில் எடுத்து அனுப்பினாள். நல்லரெத்தினம் அதில் ஷரிபுதீனின் முகத்தை மட்டும் வெட்டி, கலர் ஏற்றி, ஆளுயரத்துக்குப் பெருப்பித்தார். அதன் கீழே, "எமது வகுப்புத் தோழன் ஷரிபுதீனுக்குக் கண்ணீர் அஞ்சலி. ஆண்டு ஐந்து மாணவர்கள்." வலது மூலையில் வழக்கம்போல அச்சுக்கடையின் தொலைபேசி இலக்கம்.

பெனர் சந்தியில் ஏறிய மறுநாள் காலை ஊர் கலங்கிப்போனது. பத்து வயதுப் பையன், பூப்போலச் சிரிக்கிறான், ஐந்தாம் ஆண்டாம். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிவந்த தாய்மார் சந்தியில் நின்று கண்ணைத் துடைத்தார்கள். எந்தப் பள்ளிக்கூடம், என்ன வருத்தம் என்று விசாரித்தார்கள். ஒருத்தி டெங்கு என்றாள், இன்னொருத்தி பஸ் அடித்ததென்றாள். ஒரு இளைஞன் பெனரைப் படமெடுத்து முகநூலில் போட்டான். நூற்றுக்கணக்கானோர் அழுமுகம் வைத்தார்கள்.

பத்து மணிபோலப் பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்து இருவர் அச்சுக்கடைக்கு வந்தார்கள்.

"தம்பி, நம்மட ஆக்களுக்கு இப்பிடிப் போட்டோ போட்டு பெனர் கட்டுற வழக்கமில்ல. அது போகட்டும், ஆர் இந்தப் புள்ள? நம்மட ஊர்ல சின்னப் புள்ள ஒண்டும் மௌத்தாகல்லியே. நேத்து மௌத்தான ஷரிபுதீன் காக்காக்கு எண்பது வயசு."

நல்லரெத்தினம் ஏணியை எடுத்தார். பெனர் இறங்கியது. ஆனால் படம் போன் போனாகப் போய்க்கொண்டிருந்தது.

அன்று பின்னேரம் அச்சுக்கடைக்கு ஒரு அழைப்பு வந்தது.

"நீங்க அடிச்ச பெனர் ஒண்டப் பத்திக் கதைக்கணும். அதில எழுத்துப் பிழை இரிக்கி."

"எழுத்துப் பிழையா? எங்க?"

"எல்லா எழுத்தும் பிழை. நான்தான் அந்த மையத்து கதைக்கன்."

நல்லரெத்தினம் அழைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார். பிறகு அவரே திருப்பி எடுத்தார்.

ஷரிபுதீன் கெக்கிராவையில் இருந்தார். சின்ன பேக்கரி ஒன்று நடத்துகிறார். மருமகள் போனைக் கொண்டுவந்து, "மாமா, இந்தப் புள்ள நம்மட பேரனப் போலவே இரிக்கி" என்று காட்டியிருக்கிறாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவரிடமே அந்த வயதுப் படம் இல்லை.

குழு கொதித்தது. "டேய் றஸாக், நேத்து முழுக்க ஒப்பாரி வச்சு அழுதன். அந்த அழுகைக்கு ஆர் பதில் சொல்லுற?" என்றாள் இராசாத்தி. "வச்சிரி மச்சாள். நான் போகக்குள்ள கழிச்சிரு" என்றார் றஸாக். கேதீஸ்வரன் மட்டும் கிடைத்த இலக்கத்துக்கு எடுத்தார்.

"ஷரிபுதீன், நான் கேதீஸ்."

அந்தப் பக்கம் அடுப்புத் தட்டு இழுபடும் சத்தம் மட்டும் கேட்டது.

"நீ தானா பெனர் கட்டின?"

"ஓம்."

"என்ன வகுப்புடா உங்கட வகுப்பு? செத்தாத்தான் ஆளத் தேடுவீங்களா?"

"தேடினன். கிடைக்கல்ல. இப்ப கிடைச்சிட்டாய். கல்முனைக்கு வா, எல்லாரும் பாக்கணும்."

"அது மட்டும் கேட்காத. அந்த ஊர விட்டுக் கிளம்பக்குள்ள வாப்பா திரும்பிப் பாக்கல்ல. இஞ்ச வந்து, அந்த ஊரக் கதைக்காமலே மௌத்தானாரு. நானும் போகல்ல, போறதுமில்ல. போன்ல கதைப்பம். அது காணும்."

கேதீஸ்வரன் போனை வைத்துவிட்டு மகளைப் பார்த்தார். "அவன் வரமாட்டானாம். நான் போறன்."

சுஜித்தா படித்தவள், கணக்காகப் பேசினாள். போகவும் வரவும் நாள் முழுக்க வான் ஓட்டம். திங்கள் மெஷின் முடிந்தால் அடுத்தது வியாழன். இடையில் உடம்பில் தண்ணீர் ஏறும். கூடினால் நெஞ்சுக்குள் போகும். "நீங்க எஞ்சின் இல்லப்பா" என்றாள்.

"இல்லத்தான். எஞ்சினெண்டா இஞ்ச கிடந்து திருத்தலாம்." அவர் சாறனை மாற்றப் போனார். "நீ தடுத்தா நிப்பன் மகள். ஆனா தடுக்காத."

அவள் தடுக்கவில்லை. செவ்வாய் இரவு மருந்துகளைப் பையில் வைத்தாள். மறுநாள் முழுக்கக் குடிக்கக்கூடிய தண்ணீரை ஒரே போத்தலில் அளந்து ஊற்றிக் கொடுத்தாள். இது முடிந்தால் வேறில்லை என்றாள்.

புதன்கிழமை விடியும்போது றஸாக்கின் வானில் கிளம்பினார்கள். பிழையான சேதி சொன்ன குற்றத்துக்காக றஸாக் எண்ணெய்ச் செலவையும் ஏற்றுக்கொண்டார். வாழைச்சேனை கழிந்தது, பொலன்னறுவை கழிந்தது. கேதீஸ்வரன் போத்தலைத் திறந்து உதட்டை நனைத்துக்கொண்டு மூடினார். ஹபரணையில் காலில் செருப்பு ஏறவில்லை. கழற்றி சீட்டுக்குக் கீழே தள்ளினார்.

பேக்கரி வாசலில் மா படிந்த பெனியனோடு நரைத்த தாடிக்காரர் ஒருவர் நின்றார். வெறுங்காலோடு வானில் இருந்து இறங்கியவரை மேலும் கீழும் பார்த்தார்.

"மையத்து நானா நீயா?" என்றார்.

கேதீஸ்வரன் சிரித்தார். சிரிக்க மூச்சு போதவில்லை. பக்கத்து மேசையைப் பிடித்துக்கொண்டார். ஷரிபுதீன் ஓடிவந்து கக்கத்தில் கைகொடுத்துக் கதிரையில் இருத்தினார். அப்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தார். அவர் பெருவிரலால் அழுத்திய இடத்தில் பள்ளம் விழுந்து, எழும்பாமல் அப்படியே கிடந்தது.

"இதென்னடா?"

"தண்ணி. நாளைக்கு எடுத்திருவாங்க."

"இதோட ஆரு உன்ன இவ்வளவு தூரம் வரச் சொன்ன?"

"ஒருத்தரும் சொல்லல்ல. நீ வரமாட்டன் எண்டாய்."

ஷரிபுதீனின் மனைவி பணிசும் தேத்தண்ணியும் கொண்டுவந்து வைத்தாள். கேதீஸ்வரன் பணிசைப் பிய்த்து ஒரு வாய் தின்றார். தேத்தண்ணியைத் தொடவில்லை. "ஏன், எங்கட தேத்தண்ணி ஆகாதா?" என்று அவள் கேட்டாள். றஸாக் விளக்கம் சொன்னார். அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

பழைய கதை அதிகம் வரவில்லை. கேதீஸ்வரன் கதிரையிலேயே இரண்டு முறை கண் சொருகினார். பகல் சரியத் தொடங்கியதும் றஸாக் வானைத் திருப்பினார். "நாளைக்கு ஏழு மணிக்கு இவன் மெஷினில இரிக்கணும்" என்றார். இருவருமாகக் கேதீஸ்வரனைப் பின் சீட்டில் ஏற்றினார்கள். வான் நகரவில்லை. ஷரிபுதீன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படுத்தா மூச்சு முட்டுமே இவனுக்கு. ஆரு பிடிச்சிட்டுப் போற? நீ வானோட்டுவியா, இவனப் பிடிப்பியா?"

"ரெண்டும் செய்வன்" என்றார் றஸாக்.

"கிழிச்சாய்." ஷரிபுதீன் உள்ளே திரும்பி, மனைவியிடம் சேர்ட் கேட்டார். "போய் விட்டுட்டு வாறன். மகனிட்டச் சொல்லு, பின்னேர மாவக் குழைக்கட்டும்." வானில் ஏறி, கேதீஸ்வரனின் முதுகைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். மட்டக்களப்பு தாண்டி, வாப்பா திரும்பிப் பார்க்காத ஊர் கிட்ட வந்த பிறகுதான் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கினார்.

காலையில் ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்றிய தாதி, கட்டிலோரம் நின்றவரை வெளியே போகச் சொன்னாள்.

"நீங்க ஆரு இவருக்கு?"

"நாங்க ஒண்டாப் படிச்சவங்க."

"படிச்சவங்கெல்லாம் நிக்க ஏலா. சொந்தக்காரர் ஒருத்தர் மட்டும்."

சுஜித்தா எழுந்தாள். தன் கதிரையை ஷரிபுதீனிடம் இழுத்துவிட்டு வெளியே போனாள்.

மெஷின் சுற்றத் தொடங்கியது. ஷரிபுதீன் கதிரையைக் கட்டிலுக்கு நெருக்கிப் போட்டார்.

"இராசாத்தி இப்ப என்ன செய்யிறாள்?"

கேதீஸ்வரன் கண்ணைத் திறந்தார். காலையில் குழுவுக்குச் சொல்லும் அதே குரலில், வாங்கு வாங்காக, ஒருவரையும் விடாமல் சொல்லத் தொடங்கினார்.