மாமனார் காருக்கு ஓட்டுநராகப் போன ஞாயிறு

அந்தக் காக்கித் தொப்பி மூன்று நாட்கள் எங்கள் வீட்டு டிவி மேல் உட்கார்ந்திருந்தது. முன்பக்கம் கறுப்பாகப் பளபளக்கும் விளிம்பு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பித்தளைப் பொத்தான். ஜவுளிக்கடை மஞ்சள் பையில், தேய்த்து மடித்த காக்கிச் சட்டை, கால்சட்டையோடு வந்தது. என் நாலு வயது மகள் அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் சல்யூட் அடித்தாள். கோபம் வந்தால் எனக்கு உட்கார முடியாது, நடக்க வேண்டும். அந்த மூன்று நாட்களும் ஷிப்ட் முடிந்து வந்து, எங்கள் பிளாக்கின் நான்கு தெருக்களையும் சுற்றிச் சுற்றி வந்தேன். எதிரே வந்தவர்கள் சர்க்கரை வியாதியா என்று விசாரித்தார்கள்.

தொப்பியை அனுப்பியவர் என் மாமனார். கல்யாணமாகி ஆறு வருடமாகியும் அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர்கள் மூன்று தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தின் வண்டிப் பணிமனையில் மெக்கானிக்காகச் சேர்ந்து ஃபோர்மேனாக ஓய்வு பெற்றவர் அவர். நான் பக்கத்து ஊர்க் காலனிக்காரன். என் தாத்தாவும் அப்பாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். நான் ஐ.டி.ஐ. படித்து, அதே சுரங்கத்தில் அப்ரண்டிஸாக நுழைந்து, பெர்மனென்ட் ஆனவன். அவருடைய மகள் என்னைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றபோது அவர் அடிக்கவில்லை, கத்தவில்லை, வெறுமனே வாயை மூடிக்கொண்டார். இதைவிட அவர் கத்தியிருக்கலாம். நாங்கள் இருந்தது ஒரே டவுன்ஷிப்பில், இரண்டு பிளாக் தள்ளி. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் வாசலில் மகளோடு பேசுவார், பேத்திக்கு பிஸ்கட் வாங்கித் தருவார். என்னைக் கண்டால் சாலையின் அந்தப் பக்கம் போய்விடுவார். எங்கள் வீட்டு வாசலை அவர் மிதித்ததே இல்லை. என் மனைவி நகை, புடவை எதையும் என்னிடம் கேட்டவள் அல்ல. அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அதை அடுப்படியில் நின்று, எனக்குக் கேட்கிற மாதிரி, சுவரிடம் சொல்வாள்: “அப்பா இந்த வூட்ல ஒரு வேளை உக்காந்து சாப்புடணும்.”

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. வெள்ளைக்காரன் காலத்து வண்டி. பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரியின் கொட்டகையில், பின்சீட்டில் கோழி முட்டையிட்டு அடைகாத்துக்கொண்டிருந்த நிலையில் அதைக் கண்டுபிடித்து வாங்கினார். ஓய்வு பெற்ற பிறகு நாலு வருடம் அதனோடு மல்லுக்கட்டினார். கிடைக்காத பாகத்தையெல்லாம் தானே கடைந்து செய்தார். அந்த வருடம் புதுச்சேரியில் பழைய கார்களின் விழா ஒன்று அறிவித்தார்கள். காலையில் அங்கே கிளம்பி, கடலூர் வழியாக நெய்வேலி வந்து, எங்கள் டவுன்ஷிப் விருந்தினர் மாளிகையில் மதியச் சாப்பாடு, பிறகு புதுச்சேரிக்கே திரும்ப வேண்டும். வேகமாக ஓட்டினால் தோல்வி. சொன்ன நிமிடத்தில் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும், வழியில் ஒளிந்திருந்து நேரம் குறிப்பார்கள். இன்னொரு விதியும் உண்டு. வண்டியில் இருப்பவர்கள் அந்த வண்டி பிறந்த காலத்து உடையில் வர வேண்டும், அதற்குத் தனி மார்க்.

மாமனாருக்குக் கண்ணில் புரை. ஒன்றை அறுத்திருந்தார்கள், மற்றதற்கு நாள் குறித்திருந்தார்கள். ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் துபாயில். அப்போதுதான் என் மனைவி, எனக்குத் தெரியாமல், அவரிடம் போய் வண்டி ஓட்ட என்னைத் தருவதாகச் சொல்லிவிட்டு வந்தாள். பதில் எதுவும் சொல்லாதவர், வியாழக்கிழமை இந்த மஞ்சள் பையைக் கொடுத்தனுப்பினார்.

“அந்தக் காலத்துல காருன்னா டிரைவரு இருப்பாருங்க. டிரைவருக்கு யூனிபாரம் இருக்கும். அதத்தான் அப்பா யோசிச்சிருப்பாரு” என்றாள்.

“அந்தக் காலத்துல எங்க தாத்தா கோமணம் கட்டிக்கினு இருந்தாரு. அத கட்டிக்கினு வரட்டுமா? மார்க்கு கூட வுழும்” என்றேன்.

அவள் பதில் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் எனக்கு அவளுடைய அப்பாதான் தெரிவார். ஞாயிறு விடியுமுன் காக்கியை மாட்டி, மாமனாரைக் காரில் ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினேன்.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு எங்கேயும் இருப்புக் கொள்ளாது. சினிமாக் கொட்டகையிலும் ஓரத்து இருக்கைதான் கேட்பேன். அப்படிப்பட்டவனுக்கு வாய்த்த வேலை, நிலக்கரிச் சுரங்கத்தில் மண்ணை வெட்டுகிற ராட்சதச் சக்கர இயந்திரத்தை இயக்குவது. ஐந்து மாடி உயரம். அது நகர்ந்தால், மாடு ஓட்டிக்கொண்டு போகிறவன் நின்று பீடி பற்றவைத்துவிட்டுப் போனாலும் முந்திவிடுவான். வாரம் முழுக்க அதில் ஊர்ந்துவிட்டு, லீவு நாளில் இன்னொரு வண்டியில் ஊர்வதற்குப் போனேன்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஊர்வலம் புறப்பட்டது. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஃபெல்ட் தொப்பி வைத்த கனவான்கள், லேஸ் வைத்த ரவிக்கையும் கைக்குடையுமாக அவர்களுடைய மனைவிமார், ஜரிகைத் தலைப்பாகை கட்டிய ஒரு ஜமீன்தார். அவர் சென்னையில் ஜமீன்தார் இல்லையாம், பல் டாக்டராம். என் மாமனார் தன் அப்பா கல்யாணத்துக்குத் தைத்த கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தார். கழுத்தில் போ டை. மடியில் ஒரு மேசைக் கடிகாரம். நெய்வேலி வரும்வரை அவர் வாயிலிருந்து இரண்டே வார்த்தைகள் வந்தன. நான் சற்று அழுத்தினால் “கூட”. காலை எடுத்தால் “கொறை”. ஆறு வருடத்துக்குப் பிறகு என்னிடம் பேசுகிறாரா, வண்டியிடம் பேசுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் குறித்த நிமிடத்தில் குறித்த இடங்களில் இருந்தோம். வடலூர் தாண்டியதும் ஓரக்கண்ணால் பார்த்தேன். மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் உள்ளுக்குள் லேசாகச் சந்தோஷம் வந்ததை இப்போது மறைத்து என்ன ஆகப்போகிறது.

விருந்தினர் மாளிகை வாசலில் டவுன்ஷிப்பே திரண்டிருந்தது. என் மனைவி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கேட் ஓரமாக நின்றாள். என்னோடு ஷிப்ட் பார்க்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வண்டியை நிறுத்தி இறங்கினோம். சட்டையில் அட்டை குத்திய இளைஞன் ஒருவன் ஓடி வந்தான். புல்தரையில் பந்தல் போட்டு, வெள்ளைத் துணி விரித்த மேசைகள். தூரத்தில் வேப்பமரத்தடியில் நிஜ டிரைவர்கள், அவர்களும் காக்கியில், பொட்டலம் வாங்க வரிசையில் நின்றார்கள்.

“சார், இவரு உங்ககூட பந்தலுக்கு வராரா, இல்ல மரத்தடிக்கு அனுப்பிடலாமா?”

மாமனார் என்னைப் பார்க்கவில்லை. கேட் பக்கம் பார்த்தார், பந்தல் பக்கம் பார்த்தார். கோட்டின் பொத்தானைத் தடவினார்.

“அங்கயே சாப்புடட்டும்” என்றார்.

வேப்பமரத்துக்கு நடந்தேன். நாற்பது அடி இருக்கும். கேட்டுக்கு அப்பால் இருந்து கிரேன் ஓட்டுகிற நண்பன் ஒருவன் குரல் கொடுத்தான்: “என்னாய்யா, மாமனாருகிட்ட டிரைவர் வேல கெடச்சிட்டுதா? பெர்மனென்டா, கான்ட்ராக்டா?” எல்லோரும் சிரித்தார்கள். கெட்டவன் அல்ல அவன், எங்கள் கல்யாணத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். நானும் சிரித்து வைத்தேன். பொட்டலத்தில் தயிர்சாதம். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு பந்தலையே பார்த்தேன். மாமனார் தட்டில் பிரியாணி வாங்கினார். பல் டாக்டரோடு பேசிக்கொண்டே சாப்பிட்டார். எழுந்து போய் இரண்டாம் தடவையும் வாங்கினார். கோழித் துண்டு, முட்டை, கடைசியில் பிரெட் அல்வா. ஒரு பருக்கை விடாமல் பார்த்தேன்.

இரண்டு மணி பத்து நிமிடத்துக்குத் திரும்பக் கிளம்ப வேண்டும். ஒன்றரைக்கு எழுந்தேன். தொப்பியைக் கழற்றி ஓட்டுநர் இருக்கையில் வைத்தேன், அதற்குள் சாவியைப் போட்டேன், வீட்டைப் பார்த்து நடந்தேன்.

என் மனைவி பின்னாலேயே வந்தாள். வீட்டுக்குள் வந்தும் என்னைத் திட்டவில்லை. நான் கூடத்துக்கும் பின்வாசலுக்குமாக நடந்தேன். இரண்டாகப் பத்து, இரண்டாக ஐந்து.

“நாலு வருஷம்ங்க” என்றாள். அந்தக் காருக்கு அவர் செலவிட்ட காலம். பிறகு, “நான் போவச் சொல்லல. ஆனா போவ மாட்டேன்னா அந்தக் கடியாரத்த பாக்காதீங்க” என்றாள்.

நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பத்துக்குச் சற்று முன்பிருந்து, பழைய காலத்து ஹாரன்கள் ஒவ்வொன்றாகப் பெரிய சாலையில் போகும் சத்தம் கேட்டது. கடைசி ஹாரனும் டவுன்ஷிப் வாசல் ஆர்ச் கேட் பக்கம் தேய்ந்து போனது. ஜெயித்த மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

கால் மணி நேரம் கழித்து கேட் கிறீச்சிட்டது. மாமனார். நல்ல வெயிலில், அந்தக் கறுப்புக் கோட்டோடு நடந்தே வந்திருந்தார். போ டை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. என் மனைவி கதவருகில் நின்றவள் நின்றபடியே இருந்தாள். செருப்பை, இல்லை, அந்தக் காலத்து பூட்ஸை, குனிந்து நாடா அவிழ்த்துக் கழற்ற அவருக்கு வெகு நேரம் பிடித்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நான் தயாரானேன்.

“வண்டி?” என்றேன்.

“கெடக்கட்டும்” என்றார் என்னிடம். பிறகு மகளிடம், “சோறு இருக்குதாம்மா?”

வீட்டில் ஒன்றும் இல்லை. எல்லோரும் வேடிக்கை பார்க்கப் போனதில் அவள் உலையே வைக்கவில்லை. காலையில் தண்ணீர் ஊற்றிய சோறும் முந்தைய நாள் கருவாட்டுக் குழம்பும் இருந்தன.

“அங்கதான் பிரியாணி போட்டாங்களே” என்றேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்காது.

“போட்டாங்க” என்றார். சாப்பிட்டேன் என்றும் சொல்லவில்லை, சாப்பிடவில்லை என்றும் சொல்லவில்லை. நான் மரத்தடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியும். பந்தலிலிருந்து அவர் ஒரு தடவை நிமிர்ந்தபோது எங்கள் கண்கள் சந்தித்திருந்தன.

எங்களிடம் சாப்பாட்டு மேசை கிடையாது. கோட்டைக் கழற்றாமல், இறுக்கமான கால்சட்டையோடு, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் மனைவி சோற்றைப் பிழிந்து வைத்தாள். அவர் பிசைந்து சாப்பிட்டார். காதோரம் வியர்வை வழிந்து காலருக்குள் இறங்கியது. சர்க்கரைக்காரர், அளந்து சாப்பிடுகிறவர். தட்டைக் காலி செய்துவிட்டு, “இன்னும் கொஞ்சம் வையி” என்றார். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஆறு வருடமாகச் சுவரிடம் கேட்டது கிடைத்துவிட்டது அவளுக்கு. அப்பா பசியோடு வந்திருக்கிறார் என்றே நம்பினாள். இரண்டாவதையும் வைத்தாள். ஒவ்வொரு கவளத்துக்கும் அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். முழுங்கும்போது கழுத்து நரம்பு புடைத்தது. அவள் குண்டானை வழித்து மூன்றாவது தடவை கரண்டியை நீட்டினாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. சரி என்று தலையை ஆட்டினார்.

போதும் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் உண்மை தெரிந்த இன்னொரு ஆள் நான் மட்டும்தான். சுவரில் சாய்ந்து நின்று, அதையும் அவர் தின்று முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடட்டும் என்று நினைத்தேன். மதியம் அவர் அந்த இளைஞனிடம் சொன்ன அதே வார்த்தை என் வாயில் வந்து நின்றது என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவில்லை. கை கழுவிவிட்டு, பேத்தியின் தலையைத் தொட்டுவிட்டு, கிளம்பிப் போனார். அன்று சாயங்காலம் வாந்தி எடுத்து, மூன்று நாள் படுக்கையில் கிடந்ததை மாமியார் வெகு காலம் கழித்துத்தான் சொன்னார்.

எங்களுக்குள் அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஆறு வருடமாகப் பேசாத மருமகனை அந்தப் பந்தலில் விளக்கிச் சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை என்பது, என் மகளுக்கு மாப்பிள்ளை வந்த பிறகு எனக்குக் கொஞ்சம் புரிகிறது. புரிந்தால் சரியாகிவிடுமா என்றால், இல்லை. நாற்பது அடி நாற்பது அடிதான்.

ஆனால் அவர் வர ஆரம்பித்தார். ஞாயிறு பூசை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு. சாகும்வரை, பன்னிரண்டு வருடம். ஒவ்வொரு ஞாயிறும் என் மனைவி இரண்டாம் தடவை குழிக்கரண்டியை எடுக்கும்போது, என் கை தானாக நீண்டு அதைப் பிடித்துக்கொள்ளும். “போதும் வுடு” என்பேன். அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

“எங்கப்பா துன்ற சோத்தையா எண்ணிக்கினு இருக்கீங்க?”

மாமனார் தட்டிலிருந்து நிமிர மாட்டார். “வுடும்மா. மாப்ளைக்கு என் வயிறு தெரியும்” என்பார்.

கேலி என்று அவள் சிரிப்பாள். என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியாது. எழுந்து போய்க் கை கழுவுவேன்.